ஈவி ஹோனின் மார்லே ஓவியத்தில் வீடு ஏன் பாதிதான் தெரிகிறது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 2025-இல் டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசியக் கலைக்கூடம் அந்நாட்டுப் பெண் ஓவியர்களான மெய்னி ஜெலட், ஈவி ஹோன் ஆகிய இருவருடைய படைப்புகளையும் சேர்த்து நடத்திய கண்காட்சியைப் பார்த்திருக்கிறீர்கள். வண்ணத் தளங்கள் ஒன்றையொன்று ஊடறுத்துச் சுழலும் அந்த கியூபிச ஓவியங்கள் உங்கள் மனதில் நின்றுவிட்டன. பிறகு ஓர் ஏலப் பட்டியலில் அதே ஈவி ஹோன் பெயரில், 'மார்லே' என்ற தலைப்பில், காகிதத்தில் கூவாஷ் எனும் நீர்வண்ணத்தால் தீட்டிய சிறிய நிலக்காட்சி ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள். முன்னால் கறுப்புக் கோடுகளாக மரங்கள், பின்னால் வெளிறிய ஒரு கட்டிடம், அதிலும் பாதிதான் தெரிகிறது. நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் மார்லே பூங்காவின் மாளிகை அது என்பதால் ஆவலோடு பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். வீடு வீடாகவே இல்லையே, நிறங்களும் தவறாகத் தோன்றுகின்றனவே, படம் முடிக்காமல் விட்டதா, கியூபிசத்தைக் கைவிட்டுச் சாதாரண இயற்கைக் காட்சிக்கு அவர் திரும்பிவிட்டாரா, இதை எந்த அர்த்தத்தில் நவீன ஓவியம் என்கிறார்கள் என்று அடுக்கிக் கேட்கிறீர்கள். இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அரூப ஓவியத்தின் எல்லைவரை சென்ற ஒருவர் மீண்டும் மரத்தையும் வீட்டையும் வரைந்தால் அது பின்வாங்கலா? ஈவி ஹோன் விஷயத்தில் பின்வாங்கல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஓவியக் கல்லூரியில் பயின்று, பின்னர் நெடுங்காலம் ஓவியப் பயிற்சியும் ஐரோப்பிய நவீன ஓவிய வரலாறும் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் இணைத்துள்ள புகைப்படத்தை மட்டுமே பார்த்தேன். படத்தை நேரில் பார்க்கவில்லை. கூவாஷ் ஓவியத்தைப் புகைப்படத்தில் பார்த்து நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே, அவருடைய பயிற்சி, வாழ்க்கை, அந்த இடத்தின் வரலாறு ஆகியவற்றில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலிலும், இந்தக் குறிப்பிட்ட படத்தைப் பற்றிய என் ஊகங்களைப் பிறகும் வைக்கிறேன்.

ஈவி ஹோன் 1894-இல் டப்ளினின் தென்புறத்தில் பிறந்தார். லண்டன் ராயல் அகாதெமியின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் நதானியேல் ஹோனும், பிரான்ஸின் பார்பிசோன் ஓவியர்களிடையே வாழ்ந்துவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பி வானமும் மேய்ச்சல் நிலமுமாக வரைந்த அதே பெயர்கொண்ட இளைய நதானியேல் ஹோனும் இவருடைய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். எனவே நிலக்காட்சி இவருக்கு முதுமையில் வாய்த்த புதுமை இல்லை. 11 வயதை ஒட்டி இளம்பிள்ளை வாதம் தாக்கியதில் வாழ்நாள் முழுவதும் நடப்பது அவருக்குச் சிரமமாகவே இருந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஓவியப் பள்ளியில் வால்டர் சிக்கர்ட்டிடம் படித்தபோது டப்ளின்காரரான மெய்னி ஜெலட்டின் நட்பு கிடைத்தது. பின்னர் இருவரும் பாரிஸில் ஆந்த்ரே லோத்திடம் படித்தார்கள். நம் இந்திய ஓவியர்களான ராம்குமாரும் ஜெஹாங்கீர் சபாவாலாவும் பிற்காலத்தில் பயின்றது இதே லோத்திடம்தான். சபாவாலாவின் கடலையும் பாறையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லோத் பயிற்சியின் முத்திரை உடனே பிடிபடும். இயற்கையைத் தளங்களாகப் பிரித்து, மலையையும் கூரையையும் ஒரே இலக்கணத்தில் எழுதும் முறை அது. இயற்கையை முற்றாகத் துறக்க லோத் யாரையும் கேட்கவில்லை.

இந்த இரு பெண்களுக்கும் அது போதவில்லை. 1921-இன் இறுதியில் கியூபிச ஓவியர் அல்பேர் கிளேஸின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் அதுவரை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டவர் இல்லை, தயங்கினார், இவர்கள் விடவில்லை. அடுத்த பத்தாண்டுகளை ஒட்டிய காலம், ஆண்டுதோறும் சில காலம் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். கிளேஸ் அந்தக் காலத்தில் தம் முறையை வகுத்துக்கொண்டிருந்ததால், கற்பித்தலும் கண்டுபிடித்தலும் ஒன்றாகவே நடந்தன. அந்த முறையைச் சொல்லாமல் மார்லே படத்தைப் பேச முடியாது. அவர் படத்தை உலகத்திலிருந்து தொடங்குவதில்லை. கேன்வாஸின் நான்கு விளிம்புகளிலிருந்து தொடங்குகிறார். முதலில் அந்தச் செவ்வகத்துக்கு இணையான சிறு செவ்வகங்களை உள்ளே மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி வைக்கிறார், இது இடப்பெயர்ச்சி. பிறகு அதே தளங்களை அச்சிலிருந்து சாய்த்து வலமாகவும் இடமாகவும் திருப்புகிறார், இது சுழற்சி. முதலாவது படத்துக்கு நிலைபேற்றைத் தருகிறது, இரண்டாவது பார்ப்பவர் கண்ணை ஓட வைக்கிறது. பொருள் என்று எதுவும் இல்லாமலேயே ஓவியம் நிற்கவும் நகரவும் வேண்டும் என்பதே சவால். நீங்கள் கண்காட்சியில் கண்ட சுழலும் தளங்கள் இவைதான். 1923-இல் ஜெலட் இப்படிப்பட்ட ஓர் ஓவியத்தை டப்ளினில் காட்டியபோது, கவிஞரும் ஓவியருமான ஜார்ஜ் ரஸ்ஸல் அதைக் கலை மலேரியா என்று எழுதினார். மறு ஆண்டே ஜெலட்டும் ஹோனும் சேர்ந்து டப்ளினில் கண்காட்சி வைத்தார்கள். மலேரியாவுக்கு அஞ்சியதாகத் தெரியவில்லை.

இந்த முறையை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வண்ணக் காகிதங்களைச் செவ்வகங்களாக வெட்டி, ஒட்டாமல் நகர்த்தியும் திருப்பியும் அடுக்கச் சொல்வேன். பலருக்கு முதலில் அலுப்பாக இருக்கும். ஆனால் அதன் பிறகு அதே மாணவர்களை வெளியே அழைத்துப்போய்க் கல்லூரிக் கட்டிடத்தை வரையச் சொன்னால் ஒரு மாற்றம் நிச்சயம் தெரியும். முன்பெல்லாம் கதவிலும் ஜன்னலிலும் தொடங்கியவர்கள், இப்போது தாளின் விளிம்பை முதலில் பார்க்கிறார்கள். எந்த மரம் மேல் விளிம்பைத் தொட வேண்டும், எந்தக் கூரைக்கோடு பக்க விளிம்புக்கு எதிராகச் சாய வேண்டும் என்று யோசிக்கிறார்கள். ஜன்னல்களின் எண்ணிக்கை தப்பாகப் போகும். படமோ முன்னைவிடத் திடமாக நிற்கும். நீங்கள் இணைத்த படத்தில் எனக்கு முதலில் பட்டது இதுவே. இடப்பக்க மரம் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது, வலப்பக்க மரம் உள்ளே சாய்கிறது, இடையில் அகப்பட்ட கட்டிடம் படத்தின் செவ்வகத்துக்கு இணையான ஒரு வெளிறிய செவ்வகமாக நிற்கிறது. நிலையான தளம் ஒன்று, அதைச் சுற்றிச் சாய்ந்து திரும்பும் கோடுகள் சில. கிளேஸின் பாடம் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு மரம், வீடு என்ற பெயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

உருவத்துக்குத் திரும்பியதில் ஹோன் தனியாகவும் இல்லை. ஜெலட் 1930-களில் கிறிஸ்தவக் காட்சிகளையும், அக்கில் தீவின் குதிரைகளையும் வரைந்தார். 1935-இல் லண்டனில் தொடங்கிய சீனக் கலைக் கண்காட்சியைப் பார்த்த பிறகு அவருடைய நிலக்காட்சிகளில் அலையும் மலையும் தாளக்கட்டாக மாறின. அவர்களுடைய வட்டத்தில் அரூபமும் உருவமும் இரு கட்சிகளாக இருக்கவில்லை. அந்தப் பிளவை நமக்குப் பழக்கியது பிற்காலத்துப் பாடநூல்கள் என்பது என் எண்ணம். ஹோனைப் பொறுத்தவரை வேறொரு வலுவான காரணமும் உண்டு. அதைத்தான் நான் இங்கே சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அவர் வண்ணக் கண்ணாடிக் கலைஞராக மாறினார்.

சமயப் பற்று அவரிடம் எப்போதும் ஆழமாக இருந்தது. 1925-இல் கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் இருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்னர் வெளியேறினார். 1933-இல், சாரா பர்சர் 1903-இல் தொடங்கிய அன் தூர் க்ளினா என்ற டப்ளின் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் இணைந்தார். லண்டனில் இருந்த அயர்லாந்துக் கண்ணாடிக் கலைஞர் வில்ஹெல்மினா கெடெஸிடமும் கற்றார். 1937-இல் கத்தோலிக்கரானார். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் அயர்லாந்து அரங்குக்காக அவர் செய்த 'என் நான்கு பசும் வயல்கள்' என்ற ஜன்னல் இன்று டப்ளின் அரசாங்கக் கட்டிடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் கண்ணாடிகளை இழந்த இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரி ஆலயத்தின் கிழக்கு ஜன்னலை 1949 முதல் 1952 வரை உழைத்து உருவாக்கினார். சிலுவையேற்றம் மேலே, இறுதி இராவுணவு கீழே என்று அமைந்த அந்தப் பெரும் ஜன்னல்தான் அவர் பெயரை அயர்லாந்துக்கு வெளியே கொண்டுசென்றது.

வண்ணக் கண்ணாடி ஜன்னலை அருகில் நின்று, முடிந்தால் பட்டறை மேசையில் படுத்திருக்கும் நிலையில் பார்க்க வேண்டும். முழு அளவுக் காகித வரைபடம் முதலில். அதன்மேல் எந்தக் கண்ணாடித் துண்டு எங்கே முடிகிறது என்று காட்டும் வெட்டுக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் பின்னர் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளாகின்றன. நிறம் கண்ணாடியிலேயே இருக்கிறது; தீட்டுவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு கலந்த கரும்பழுப்பு மை மட்டுமே. அதைத் தடவி, உலர்ந்ததும் குச்சியாலும் தூரிகையாலும் சுரண்டி, வெளிச்சம் எங்கே நுழைய வேண்டுமோ அங்கே திறந்துவிட்டு, சூளையில் சுட வேண்டும். அனுபவமில்லாதவர் முதலில் படம் வரைந்துவிட்டுப் பிறகு ஈயத்துக்கு இடம் தேடுவார். ஈயம் முகத்தின் குறுக்கே ஓடும். கைதேர்ந்தவர் ஈயத்திலேயே சிந்திப்பார்; கனமான கோடு, மெலிந்த கோடு, திடீரென்று ஒடியும் கோடு எல்லாம் படத்தின் எலும்புக்கூடாக அமையும். கெடெஸிடம் ஹோன் கண்ட வலிமை இது. ஈயக்கோட்டின் கடுமையை மறைக்காமல் அதையே உணர்ச்சியின் வாகனமாக்கும் துணிவு அது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோவின் தடித்த கறுப்புக் கோடுகளும் அவரை ஈர்த்தன. ரூவோ சிறுவயதில் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் தொழில் பழகியவர் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். அவருடைய கிறிஸ்து ஓவியம் ஒன்றை 1942-இல் டப்ளின் மாநகரக் கலைக்கூடம் நன்கொடையாகக்கூட ஏற்க மறுத்தது. இத்தகைய மனநிலைக்கு எதிராகத்தான் ஹோனும் ஜெலட்டும் நோரா மெகின்னஸும் லூயி லெ ப்ரோக்கியும் மற்றவர்களும் 1943-இல் 'வாழும் கலை' என்ற ஆண்டுக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஜெலட் இறந்துபோனார்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். முன்னால் நிற்கும் மரங்களை மீண்டும் பாருங்கள். பட்டை, கிளை, இலை என்று எதுவும் இல்லை. அடியில் தடித்து, மேலே மெலிந்து, சில இடங்களில் முறிந்து திரும்பும் கறுப்புக் கோடுகள் மட்டுமே. அந்தக் கோடுகள் படத்தைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரே நிறம்தான் ஆள்கிறது: ஓரிடத்தில் சாம்பல் கலந்த ஊதா, ஓரிடத்தில் மஞ்சள், ஓரிடத்தில் பாசிப்பச்சை. கட்டிடத்தின் வெளிர் நிறம் மேலே பூசிய வெள்ளையாகத் தெரியாமல், கோடுகளுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சமாகத் தெரிகிறது. நாளெல்லாம் ஒளியை முன்னே வைத்துக் கண்ணாடி பார்த்துப் பழகிய ஒருவருடைய கை இது. உங்களுக்குத் தவறாகத் தோன்றிய நிறங்கள் அப்படித் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. கண்ணாடிக் கலைஞர் ஒரு நிறத்தை அதன் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பக்கத்துத் துண்டின் நிறத்தோடு சேர்ந்து எரிகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். இலையற்ற மரங்களை வைத்து இது குளிர்காலம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. டப்ளினின் குளிர்காலச் சூரியன் நண்பகலிலும் தாழ்ந்தே நிற்பதால், மரத்தின் நிழல்பக்கம் கருத்து, பின்புறம் வெளிறித் தெரிவது அங்கே அன்றாடக் காட்சி. ஆனால் காலத்தைப் பற்றிய இந்த ஊகத்தை நான் வற்புறுத்த மாட்டேன். இலைகள் தம் கோட்டுக்குத் தடையாக இருந்தால் கோடையிலும் அவற்றை விட்டுவிடக் கூடியவர்தான் அவர்.

வீட்டைப் பற்றி. மார்லே மாளிகை 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் லா தூஷ் என்ற வங்கியாளர் விரிவாக்கி வாழ்ந்த இடம். பிரான்ஸிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகெனோ என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரின் வழியினர் லா தூஷ் குடும்பத்தார். 1783-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் அயர்லாந்தின் முதல் ஆளுநர் இந்த டேவிட்தான். டிரோமோர் ஆயரான ஜார்ஜ் மார்லேயின் மகளை அவர் மணந்ததால், மனைவியின் குடும்பப் பெயர் வீட்டுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரி வணிகரான ராபர்ட் டெட்காஸிலிடம் சென்றது. 1920-களின் நடுவில் ஃபிலிப் லவ் என்ற காய்கறி விளைச்சல்காரர் வாங்கினார். அவர் பந்தயக் குதிரைகளும் வளர்த்தார், அவர் வளர்ப்பில் பிறந்த லார்க்ஸ்பர் 1962-இல் எப்சம் டெர்பி ஓட்டத்தில் வென்றது. 1972-இல் டப்ளின் மாவட்ட மன்றம் வாங்கி, 1975-இல் பொதுமக்கள் பூங்காவாகத் திறந்தது. நீங்கள் நடப்பது அங்கேதான். இதில் கவனிக்க வேண்டியது, ஹோன் அங்கே வாழ்ந்த காலத்தில் மார்லே பிரபுக்கள் ஓய்வெடுக்கும் மாளிகையாக இல்லை என்பது. காய்கறிப் பாத்திகளும், குதிரை லாயமும், சந்தைக்குப் புறப்படும் சரக்குமாக அது உழைக்கும் நிலமாக இருந்தது. அதன் முற்றத்தை ஒட்டிய சிறு வீட்டில் அவர் வாழ்ந்தார். அன் தூர் க்ளினா 1944-இல் மூடப்பட்ட பிறகு தம் சொந்தக் கண்ணாடிப் பட்டறையையும் அங்கேயே அமைத்துக்கொண்டார். ஈட்டன் ஜன்னலின் பெருவேலை நடந்ததும் இந்த ஆண்டுகளில்தான்.

கிராமப்புற மாளிகையை வரைவது அயர்லாந்தில் பழைய வழக்கம். வில்லியம் ஆஷ்ஃபோர்டு 1804-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மார்லேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத மவுண்ட் மெரியன் மாளிகையையும் அதன் தோட்டவெளியையும் உரிமையாளர் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவுக்காக வரிசையாக வரைந்தார். அவை கேம்பிரிட்ஜில் அவர் பெயரால் நிற்கும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு முன்பே தாமஸ் ராபர்ட்ஸ் லூக்கன் மாளிகையின் ஆறும் மரங்களும் சூழ்ந்த காட்சிகளை வரைந்திருக்கிறார். அழகான ஓவியங்கள், எனக்கு ராபர்ட்ஸ் மிகவும் பிடிக்கும். ஆனாலும் அவை உரிமையாளருடைய பார்வையிலிருந்து அமைந்தவை. சற்று உயரமான இடத்தில் நின்று, வளைந்து செல்லும் பாதையையும் மேயும் மான்களையும் தொலைவில் மின்னும் நீரையும் ஒரே வீச்சில் எண்ணிப் பார்க்கும் பார்வை அது. மரங்கள் இருபுறமும் ஒதுங்கி நின்று வீட்டுக்கு வழிவிடும். ஹோனின் மார்லேயில் மரங்கள் வழிவிடவில்லை. வீடு அவற்றின் இடுக்கில் அகப்பட்டதைத்தான் காட்டுகிறது. முற்றத்தில் குடியிருப்பவர் தம் வாசலிலிருந்து பெரிய வீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்: முகப்பு முழுதாக ஒருபோதும் கிடைக்காது, ஒரு மூலையும் சில ஜன்னல்களும் மரத்துக்கு மரம் இடையே தோன்றி மறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1920 முதல் 1923 வரை அயர்லாந்தின் சுதந்திரப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் ஏறத்தாழ 275 மாளிகைகள் எரிக்கப்பட்டன. தப்பியவற்றில் பல வரியையும் பராமரிப்பையும் தாங்காமல் இடிபட்டன. நாடக ஆசிரியர் சீமாட்டி கிரெகரி வாழ்ந்து, கவிஞர் யேட்ஸும் ஓவியரான அவர் தம்பியும் தங்கிய கூல் மாளிகையே 1941-இல் இடிக்கப்பட்டது. இந்தப் பின்னணியை வைத்து, ஹோன் பாதி மறைத்து வரைந்த வீட்டை மறைந்துபோகும் ஆங்கிலோ-ஐரிஷ் உலகத்துக்கான, அதாவது அந்த மாளிகைகளில் வாழ்ந்த ஆங்கில வழி நிலவுடைமையாளர்களின் உலகத்துக்கான இரங்கலாகப் படிப்பது எளிது, படிக்கவும் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோகத்தைச் சொல்ல நினைத்திருந்தால் அவருக்குக் கண்ணாடியில் சிலுவையும் பாடுகளும் இருந்தன. மார்லே படங்களில் நான் காண்பது அதற்கு மாறான மனநிலை: பெருவேலைகளுக்கிடையே கையைத் தளர்த்திக்கொள்ளும் ஒருவருடைய வேகமும் மகிழ்ச்சியும். பட்டறையில் ஒரு கோடு முடிவாவதற்கு வெட்டவும் சுடவும் ஈயத்தில் பூட்டவும் நாள்கள் ஆகும். காகிதத்தில் கூவாஷ் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும்.

படம் முடிக்கப்படாதது போலத் தோன்றுவதற்கு அந்தக் கூவாஷும் ஒரு காரணம். அது ஒளிபுகாத நீர்வண்ணம். இருளின்மேல் வெளிச்சத்தையும், வெளிச்சத்தின்மேல் இருளையும் வைக்க இடம் தரும். ஆனால் ஈரத்தில் ஒரு சாயலும் உலர்ந்தபின் வேறு சாயலுமாக ஏமாற்றும். வெளிர் நிறங்கள் உலர்ந்தபின் சற்று கருக்கும், அடர் நிறங்கள் சற்று வெளிறும். மீண்டும் மீண்டும் தேய்த்தால் அடியிலுள்ள வண்ணம் கரைந்து மேலே வந்து சேறாகிவிடும். எனவே இதில் கைதேர்ந்தவர்கள் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். உங்கள் படத்தின் கீழ்ப்பகுதியில் காகிதத்தின் நிறமே வெளியே தெரிகிற இடங்கள் உள்ளன. மறந்து விட்ட இடங்களாக இருந்திருந்தால் அவை சிதறிக் கிடந்திருக்கும். இங்கோ எல்லாம் மரங்களின் அடியில், கோடுகள் தரையைத் தொடும் இடத்தில் கூடியிருக்கின்றன. தெரிந்தே விட்டார் என்றுதான் நான் கொள்வேன்.

ஏன் திரும்பத் திரும்ப மார்லேயையே வரைந்தார் என்பதற்கு, நடக்கச் சிரமப்பட்டவர் வாசலில் கிடைத்ததை வரைந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இதே உடலோடுதான் அவர் லண்டனுக்கும் பாரிஸுக்கும் ஆண்டுக்கணக்கில் போய்வந்தார், பட்டறை வேலையின் உடலுழைப்பைத் தாங்கினார் என்பதையும் பார்க்க வேண்டும். நோயைக் காரணமாக்கினால் ஓவியத்தைப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது. அதனாலேயே அந்த விளக்கம் மீது எனக்குச் சந்தேகம்.

கடைசியாக, தலைப்பையும் தேதியையும் பற்றி. 'மார்லே' என்ற சொல்லை வைத்து மட்டும் படத்தில் இருப்பது மார்லே மாளிகைதான் என்று முடிவுகட்டாதீர்கள். சில நூல்களில் ஹோனின் முகவரி மார்லே கிரேஞ்ச் என்று காணப்படும். அது அதே நிலத்தை ஒட்டிய, விக்டோரியா காலத்துக் கோதிக் பாணி வீட்டின் பெயர். இரண்டும் எழுத்தில் குழம்பிக் கிடக்கின்றன. கட்டிடத்தைக் கொண்டு பிரித்தறிய ஒரு வழி உண்டு: மாளிகையின் மேல்விளிம்பு கிடைமட்டமாக ஓடும், ஜன்னல்கள் சீரான வரிசையில் நிற்கும், கோதிக் வீட்டுக்குச் செங்குத்தாக எழும் கூரைமுகடுகள் இருக்கும். உங்கள் புகைப்படத்தில் மேல்விளிம்பு தட்டையாக இருப்பதால் மாளிகை என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் மரம் மறைக்கும் பாதியில் என்ன இருக்கிறது என்பதை ஓவியர் நமக்குக் காட்டவில்லை. முற்றக் கட்டிடத்தின் பின்சுவராகவும் இருக்கலாம். தைரியமிருந்தால் இலையுதிர்ந்த பிறகு ஒரு நண்பகலில் முற்றத்தின் வாயிலில் நின்று பாருங்கள். மரங்கள் மாறியிருக்கும், கட்டிடத்தின் கோணத்தை ஒப்பிடலாம். தேதி எழுதப்படாத படம் என்றால் 1940-களின் நடுப்பகுதிக்கும், அவர் ராத்ஃபார்ன்ஹம் தேவாலயத்துக்குள் நுழையும்போது உயிர்விட்ட 1955 மார்ச்சுக்கும் இடையில் என்று சொல்வதற்குமேல் பாணியை வைத்துக் குறுக்க முடியாது. பட்டியலில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு போட்டிருந்தால், எதை ஆதாரமாகக் கொண்டு போட்டீர்கள் என்று கேளுங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தின் புகைப்படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். 1944-இல் டப்ளினில் தொடங்கிய டாசன் கேலரி அவருடைய படைப்புகளை விற்றுவந்தது. அதன் சீட்டு சட்டகத்தின் பின்னால் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் சீட்டு சட்டகத்தோடு வேறு படத்துக்கு மாறிவிடக்கூடியது, எனவே அதிலுள்ள தலைப்பும் அளவும் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தலைப்பு ஓவியரின் கையெழுத்தில் உள்ளதா, பின்னால் வணிகர் இட்டதா என்பதையும் கேளுங்கள். காகிதம் பழுப்பேறியிருக்கிறதா, ஊதா நிறங்கள் வெளிறியிருக்கின்றனவா என்பதை எழுத்துமூலமான நிலை அறிக்கையாகப் பெறுங்கள். கண்ணாடிப் பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஈட்டன்வரை போக வேண்டியதில்லை: உங்கள் பூங்காவிலிருந்து அருகிலேயே, டன்ட்ரமில் உள்ள செயிண்ட் நாஹி தேவாலயத்தில் அவருடைய தொடக்ககால ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் படத்தைப் பார்க்கப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போனால், கறுப்புக் கோடுகளை நான் ஏன் ஈயம் என்கிறேன் என்பதை என் சொல்லை நம்பாமல் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.